பொடுகு ஷாம்பு வாங்கும் முன் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

பொடுகு ஷாம்பு பாட்டிலின் முன்பக்கத்தில் எலுமிச்சை, வேப்பிலை, புதினா என்று படம் போட்டிருக்கும். பொடுகைக் குறைக்கும் மருந்தின் பெயர் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். கருப்புச் சட்டையே போட முடியாமல் இருந்த எனக்குப் பொடுகு கட்டுப்பட்டது அந்தப் பொடி எழுத்தைப் படித்து வாங்கிய ஷாம்புவால்தான். கும்பகோணம் பக்கத்து எண்ணெய்ப் பழக்கத்தையும் போர் தண்ணீரையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. பொடுகுதானா என்று பாருங்கள்

முடியில் இருக்கும் வெள்ளைத் துணுக்கை விரலால் தள்ளுங்கள். உதிர்ந்து வந்தால் பொடுகு. முடியோடு ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால் ஈர், அதாவது பேன் முட்டை. அதற்கு இந்த ஷாம்பு உதவாது. உப்புத் தண்ணீரில் குளியல் சோப்பைத் தலைக்கும் போடுகிறவர்களுக்குச் சோப்பின் வெள்ளைப் படிவும் பொடுகு மாதிரியே தெரியும். குழந்தைக்கு வட்டமாக முடி கொட்டிச் செதில் இருந்தால் படையாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

2. மருந்தின் பெயரைப் படியுங்கள்

எல்லோர் தலையிலும் மலசீசியா என்ற பூஞ்சை இருக்கிறது. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்தான் அதற்குச் சாப்பாடு. தின்றுவிட்டு அது வெளியே விடும் அமிலம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. தோல் எரிச்சல் கண்டு வேகமாக உரியும். ஆக, அந்தப் பூஞ்சையை அடக்கும் மருந்து ஷாம்புவில் இருக்க வேண்டும்.

என் முதல் தேர்வு கீட்டோகோனசோல் 2 சதவீதம். மெடிக்கலில் கிடைக்கும், சின்ன பாட்டிலே போதும். பொடுகு லேசாக இருந்தால் ஜிங்க் பைரிதியோன் அல்லது பைராக்டோன் ஓலமைன் உள்ள சாதாரண கடை ஷாம்புவில் தொடங்கலாம். செலினியம் சல்ஃபைடும் நல்ல மருந்துதான். ஆனால் டை அடித்த முடியின் நிறத்தை மாற்றிவிடும், வெள்ளி நகையும் கறுக்கும். கழற்றி வைத்துவிட்டுக் குளியுங்கள். செதில் தடித்துப் போயிருந்தால் சாலிசிலிக் ஆசிட் அதை இளக்கி எடுக்கும், ஆனால் பூஞ்சையை அடக்குவது அதன் வேலையில்லை. பின்பக்கத்தில் இந்தப் பெயர் எதுவுமே இல்லையென்றால் அந்த பாட்டிலை நான் வாங்க மாட்டேன், வேப்பிலைப் படம் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் சரி.

கடைக்காரர் பெட்டாமெத்தசோன் கலந்த லோஷனை எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது ஸ்டீராய்டு, டாக்டர் சொல்லாமல் தடவக் கூடாது. கர்ப்பிணிகள் மருந்து ஷாம்பு எதுவானாலும் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

3. எண்ணெய்

இதில்தான் வீட்டில் சண்டை வரும். “தலை வறண்டுபோய்த்தான் பொடுகு வருது, நல்லா எண்ணெய் வை” என்பார்கள். எண்ணெய் வைத்தால் செதில் படிந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். ராத்திரி முழுக்க ஊறவிட்டால் பூஞ்சைக்குத் தீனி போட்டதாகிவிடும். பொடுகு அடங்கும்வரை தினசரி எண்ணெயை நிறுத்துங்கள். வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட மனமில்லை என்றால், முதலில் சீயக்காயோ சாதா ஷாம்புவோ போட்டு எண்ணெயை முழுக்க எடுத்துவிடுங்கள். மருந்து ஷாம்பு அதற்கு அப்புறம்.

4. ஊறவிடும் நேரம்

பாட்டில் நல்லதாக இருந்தும் பலன் இல்லை என்று சொல்பவர்கள் அநேகமாகக் கோட்டைவிடும் இடம் இதுதான். நுரை வந்ததும் அலசிவிட்டால் மருந்து தோலில் தங்கவே தங்காது. கீட்டோகோனசோல் 3 முதல் 5 நிமிடம் தலையில் இருக்க வேண்டும். மற்றவற்றுக்கு பாட்டிலில் போட்டிருக்கும் நேரம்.

தலையை நனைத்து, முடியை வகிடு வகிடாகப் பிரித்து, விரல் நுனியால் தோலில் தேயுங்கள். காதுக்குப் பின்புறமும் நெற்றி ஓரமும் விடக் கூடாது. நகம் படவே கூடாது. அப்புறம் தலையை அப்படியே விட்டுவிட்டு உடம்புக்குச் சோப்புப் போடுங்கள், கால் தேயுங்கள். நேரம் தானாகப் போய்விடும். பம்புசெட்டில் குளிப்பவர்கள் தண்ணீர் கொட்டும் இடத்திலிருந்து தள்ளி உட்காருங்கள், இல்லாவிட்டால் ஷாம்பு வாய்க்காலோடு போய்விடும்.

வாரத்துக்கு 2 முறை, 4 வாரம். முதல் வாரத்திலேயே அரிப்பு குறைந்தது என்று நிறுத்திவிடாதீர்கள். அடங்கிய பிறகும் வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ போட்டுவர வேண்டும், ஏனென்றால் பூஞ்சை தலையைவிட்டு முழுதாகப் போவதில்லை.

4 வாரத்தில் மாற்றமே இல்லை, அல்லது தடித்த வெள்ளிச் செதில் நெற்றியைத் தாண்டி வருகிறது, முழங்கையிலும் முழங்காலிலும் இருக்கிறது என்றால் அது சொரியாசிஸாக இருக்கலாம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, போய்க் காட்டுங்கள்.

பின்சேர்க்கை: வேதாரண்யம் பக்கத்து வாசகி ஒருவர், “எங்க தண்ணில நுரையே வரல, இன்னும் ரெண்டு மடங்கு ஊத்தலாமா?” என்று கேட்டிருந்தார். வேண்டாம். உப்புத் தண்ணீரில் நுரை குறைவாகத்தான் வரும், மருந்துக்கும் நுரைக்கும் சம்பந்தமில்லை. ஷாம்புவின் அளவைக் கூட்டாமல், கடைசியாக அலசுவதற்கு மட்டும் ஒரு குடம் குடிதண்ணீரோ பிடித்துவைத்த மழைத்தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். முடி பிசுக்கில்லாமல் இருக்கும்.