காணும் பொங்கல் கிரிக்கெட்: முதல்முறை நடத்துபவர்களுக்குப் படிப்படியாக

எங்கள் ஊரில் காணும் பொங்கலன்று காலை எட்டரை மணிக்கு முதல் பந்து விழும். இருபது வருடத்துக்கு மேலாக இப்படித்தான், நடுவில் இரண்டு வருடம் தவிர. அந்த இரண்டு வருடம் ஏன் விட்டுப்போனது என்பதைக் கீழே சொல்கிறேன். இதுபோல ஒன்றை உங்கள் ஊரிலும் தொடங்க நினைக்கிறீர்களா? மட்டையும் பந்தும் மட்டும் இருந்தால் ஒரு வருடம் நடத்திவிடலாம். வருடா வருடம் நடக்க வேண்டுமானால் முதல் வருடமே சில விஷயங்களைச் சரியாகச் செய்துவிட வேண்டும்.

படி 1: நாளைக் குறியுங்கள், பிறகு மாற்றாதீர்கள்

பெரும் பொங்கலன்று காலையில் வீட்டில் பானை ஏறும், யாரும் வர மாட்டார்கள். மாட்டுப் பொங்கலன்று மாடு குளிப்பாட்ட வேண்டும், கொம்புக்கு வர்ணம் அடிக்க வேண்டும். காணும் பொங்கல்தான் சரி. வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் ஊரில் இருக்கும் நாள் அது. அன்று இரவே பஸ் பிடிப்பவர்கள் பாதிப் பேர் என்பதால் மதியச் சாப்பாட்டோடு எல்லாம் முடிய வேண்டும்.

பொங்கலுக்கும் கிரிக்கெட்டுக்கும் நம் ஊரில் உள்ள உறவு நூறு வருடத்துக்கும் பழையது. சென்னைச் சேப்பாக்கத்தில் வெள்ளைக்காரர் அணியும் இந்தியர் அணியும் பொங்கலை ஒட்டி மோதிய பிரசிடென்சி மேட்ச், 1915-16 முதல் 1951-52 வரை முதல்தரப் போட்டியாகவே நடந்தது. அதன் பின்னும் பொங்கல் வாரத்தில் டெஸ்ட் என்பது சென்னைக்குப் பழகிப்போன ஒன்று. 1975 ஜனவரியில் வெஸ்ட் இண்டீஸ் வேகப்பந்து வீச்சாளர் ஆண்டி ராபர்ட்ஸ் ஏழு விக்கெட் எடுத்த இன்னிங்ஸில் நம் விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் 97 எடுத்தது, 1982இல் இங்கிலாந்துக்கு எதிராக அவரே 222 அடித்தது, 1988இல் சுழற்பந்து வீச்சாளர் ஹிர்வானி தன் முதல் டெஸ்டிலேயே 136 ரன் கொடுத்து 16 விக்கெட் எடுத்தது எல்லாம் பொங்கலை ஒட்டிய நாட்களில்தான். 1988க்குப் பிறகு பொங்கல் டெஸ்ட் சேப்பாக்கத்தில் நடக்கவே இல்லை. தேதியை ஒருமுறை விட்டுவிட்டால் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய சான்று தேவைப்படவில்லை. மழைத் தூறலா? ஐந்து ஓவராவது ஆடிவிடுங்கள். நாளைத் தள்ளி வைக்காதீர்கள்.

படி 2: மைதானம்

அறுவடை முடிந்த வயலை நம்பாதீர்கள். பல ஊர்களில் பொங்கல் சமயத்தில் சம்பா இன்னும் நிற்கும், ஏரியிலும் தண்ணீர் கிடக்கும். பள்ளி மைதானம்தான் கைகொடுக்கும். டிசம்பர் கடைசியிலேயே தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். தேதி, நேரம், பொறுப்பாளர் இருவரின் பெயர், மைதானத்தைச் சுத்தம் செய்து ஒப்படைப்போம் என்ற உறுதி, இவ்வளவு போதும்.

படி 3: பிட்ச் போடுவது

புதிதாகச் செய்பவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

பிட்ச் வடக்கு தெற்காக இருக்கட்டும். தை மாதக் காலை வெயில் தாழ்வாக வந்து கண்ணில் அடிக்கும். கிழக்கு மேற்காகப் போட்டால் ஒரு முனையில் நிற்கும் பேட்ஸ்மேனுக்குப் பந்தே தெரியாது.

போட்டிக்கு இரண்டு நாள் முன்னால், சாயங்காலம், பிட்ச் வரும் இடத்தில் புல்லையும் கல்லையும் நீக்கிவிட்டு நன்றாகத் தண்ணீர் விடுங்கள். பள்ளம் இருந்தால் சலித்த களிமண்ணையோ வண்டலையோ போட்டு நிரவுங்கள். மறுநாள் காலை கட்டை விரலால் மண்ணை அழுத்திப் பாருங்கள். விரல் பதிய வேண்டும், ஆனால் மண் விரலில் ஒட்டக் கூடாது. அதுதான் உருட்டும் பதம். ஒட்டினால் ஒரு மணி நேரம் பொறுங்கள். பதியவே இல்லை என்றால் இன்னும் கொஞ்சம் தெளியுங்கள். ரோலர் இல்லாத ஊரில் திம்மிசுக் கட்டையால் தட்டலாம். நேரமாகும், ஆனால் நன்றாகவே இறுகும்.

அளவுக்குக் கொத்தனாரிடம் டேப்பும் நூல் கயிறும் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டம்பிலிருந்து ஸ்டம்புக்கு 22 கஜம், அதாவது 66 அடி. மூன்று ஸ்டம்பும் சேர்ந்த அகலம் 9 அங்குலம். ஸ்டம்புக்கு முன்னால் 4 அடியில் பேட்டிங் கிரீஸ். இந்தக் கோடு கோணலாகப் போனால் ரன் அவுட்டில் சண்டை வரும். கொத்தனார் மூலை மட்டம் பார்க்கும் அதே வழியைப் பின்பற்றுங்கள். நடு ஸ்டம்பிலிருந்து எதிர் முனை நோக்கி நூல் பிடித்து, 4 அடியில் ஒரு ஆணி. நடு ஸ்டம்பிலிருந்து பக்கவாட்டில் 3 அடியில் இன்னொரு ஆணி. இரண்டு ஆணிக்கும் நடுவே சரியாக 5 அடி வந்தால் ஸ்டம்பு வரிசை நேராக இருக்கிறது. அதற்கு இணையாக 4 அடி தள்ளிக் கோடு இழுத்தால் கிரீஸும் நேராக வரும். சுண்ணாம்புத் தூள் நன்றாகத் தெரியும், ஆனால் விழுந்து எழுபவர்களுக்குக் கண் எரியும். நாங்கள் கோல மாவுதான் போடுகிறோம்.

பவுண்டரி, பிட்சின் நடுவிலிருந்து 45 மீட்டர் இருந்தால் டென்னிஸ் பந்துக்குப் போதும். தென்னங்கயிறு கிடைக்காவிட்டால் பத்தடிக்கு ஒரு குச்சியில் துணி கட்டுங்கள்.

படி 4: பந்து

கனமான டென்னிஸ் பந்து மட்டும். ஸ்டம்பர் பந்தும் கார்க் பந்தும் வேண்டாம். பெரியப்பா வயதுக்காரரும் எட்டாம் வகுப்புப் பையனும் ஒரே ஆட்டத்தில் இறங்கும்போது யாருக்கும் பேடோ ஹெல்மெட்டோ இருக்காது. நான்கு பந்து வாங்குங்கள், இரண்டு கட்டாயம் கிணற்றிலோ முள்ளிலோ போகும்.

படி 5: ஆள் பிரிப்பது

விட்டுப்போன அந்த இரண்டு வருடக் கதை இங்கே வருகிறது. ஆரம்பத்தில் மேலத் தெரு ஒரு அணி, கீழத் தெரு ஒரு அணி என்று ஆடினோம். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் நம் ஊர்களில் தெரு என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு வருடம் கடைசி ஓவரில் ஒரு ரன் அவுட். கிரீஸைத் தொட்டானா இல்லையா என்று தொடங்கிய வாக்குவாதம் பத்தே நிமிடத்தில் கிரிக்கெட்டை விட்டு வெளியே போய்விட்டது. அன்று எவரும் சேர்ந்து சாப்பிடவில்லை. ஒரு பக்கத்தார் புளியமரத்தடியில், இன்னொரு பக்கத்தார் பள்ளித் தாழ்வாரத்தில். அடுத்த இரண்டு பொங்கலுக்கும் மைதானம் வெறுமையாகக் கிடந்தது.

இந்தக் காட்சி சென்னைக் கிரிக்கெட்டின் தொடக்கத்திலேயே இருக்கிறது. சேப்பாக்கத்தில் வெள்ளைக்காரர்கள் பெவிலியனுக்குள் அமர்ந்து சாப்பிட, ஆட வந்த இந்தியர்கள் மரத்தடியில் சாப்பிட வேண்டியிருந்தது. அதைப் பொறுக்காமல்தான் புச்சி பாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார் என்று சொல்வார்கள். இரு தரப்பும் மோதும், மேலே சொன்ன பிரசிடென்சி மேட்சுக்கு வழி செய்தவரும் அவர்தான். 1908இல் அது முதன்முதலாக நடப்பதற்குச் சற்று முன்பே அவர் இறந்துபோனார். அவர் மகன் சி. ராமசாமி பின்னாளில் இந்தியாவுக்காக டென்னிஸில் டேவிஸ் கோப்பையும் கிரிக்கெட்டில் டெஸ்டும் ஆடினார். எங்கள் புளியமரத்தடியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சேப்பாக்கம் மரம்தான் ஞாபகம் வரும்.

அதனால் தெரு, சாதி, கட்சி, ரசிகர் மன்றம் எதை வைத்தும் அணி பிரிக்காதீர்கள். நம்மிடம் பழைய வழி ஒன்று இருக்கிறது: உத்தி பிரிப்பது. கபடிக்கும் கிட்டிப்புள்ளுக்கும் சின்ன வயதில் செய்தது நினைவிருக்கும்.

முதலில் இரண்டு தலைவர்கள். மற்றவர்கள் சம பலமுள்ள ஜோடி ஜோடியாகச் சேரட்டும். ஓபனிங் ஆடுபவருடன் ஓபனிங் ஆடுபவர், வேகமாக வீசுபவருடன் வேகமாக வீசுபவர், புதிதாக வந்தவருடன் புதியவர். ஒவ்வொரு ஜோடியும் தள்ளிப் போய்த் தங்களுக்குள் ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு, தோளில் கைபோட்டபடி திரும்பி வர வேண்டும். "கொத்தமல்லி வேணுமா, கறிவேப்பிலை வேணுமா?" தலைவர் ஒருவர் கேட்டு எடுப்பார், மிச்சம் இருப்பவர் அடுத்த அணிக்கு. அடுத்த ஜோடிக்கு மற்றத் தலைவர் கேட்பார். பலம் தானாகவே சமமாகப் பிரியும், யார் எந்த வீடு என்பது அதில் வராது. பொங்கலுக்குப் பிறந்த வீடு வந்திருக்கும் அக்கா தங்கைகள் ஆட விரும்பினால் அவர்களையும் இந்த உத்தியிலேயே சேருங்கள். தனியாக ஒரு ஓவர் என்று ஒதுக்காதீர்கள். ஒருவர் மிச்சமானால் அவர் காமன் பிளேயர், இரண்டு பக்கமும் ஃபீல்டிங் செய்யலாம்.

படி 6: விதிகளை முன்கூட்டியே வாசியுங்கள்

டாஸுக்கு முன்னால், எல்லாரும் நிற்கும்போது, ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும். எங்கள் விதிகள்: அணிக்கு 15 ஓவர், ஒருவருக்கு மூன்று ஓவர்தான். எல்.பி.டபிள்யூ இல்லை. கையை மடக்கி எறிந்தால் நோ பால். பள்ளிக் கூரைமேல் நேராக அடித்தால் அவுட், ஓடு உடைந்தால் இரு அணியும் சேர்ந்து பணம் கொடுக்க வேண்டும். அம்பயர் சொன்னால் சொன்னதுதான். அம்பயராக இருவர், ஆடாத பெரியவர்கள். ஓய்வு பெற்ற பி.டி. வாத்தியார் கிடைத்தால் விடாதீர்கள்.

பணப் பரிசு வைக்காதீர்கள். பணம் வந்த உடனே வெளியூர் ஆட்டக்காரரை இறக்குவார்கள், பெரியப்பாவுக்கு மட்டை கிடைக்காது. ஒரு கோப்பை, அதுவும் ஒரே கோப்பை வருடா வருடம் கை மாறட்டும்.

படி 7: ஸ்கோர் எழுதுவது

ஒரு நீளமான கணக்கு நோட்டு வாங்குங்கள், தாளில் எழுதாதீர்கள். ஒரு ஓவரை எப்படி எழுதுவது என்று பார்ப்போம். முதல் பந்து ரன் இல்லை: ஒரு புள்ளி. இரண்டாவதில் ஒன்று: 1. அடுத்தது வைடு: ஒரு கூட்டல் குறி, இது ஆறில் சேராது. அடுத்து நான்கு: 4. அடுத்து போல்டு: வி. புதிதாக வந்தவர் ஒரு பந்தைத் தடுத்தார்: மீண்டும் புள்ளி. கடைசிப் பந்தில் இரண்டு: 2. ஆக நோட்டில் இருப்பது:

• 1 + 4 வி • 2

குறிகள் ஏழு, பந்து ஆறு. ரன் 1, 1, 4, 2 சேர்த்து எட்டு. ஓவருக்கு முன் 31க்கு 2 விக்கெட் என்றால், இப்போது 39க்கு 3. ஒவ்வொரு ஓவர் முடிந்ததும் இந்தக் கூட்டுத்தொகையைச் சத்தமாகச் சொல்லுங்கள், இரு தலைவர்களும் தலையாட்டட்டும். கடைசியில் கணக்கில் தகராறு வராமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

எங்கள் நோட்டில் இப்போது உயிரோடு இல்லாத நான்கு பேர் அடித்த ரன்கள் இருக்கின்றன. போன வருடம் ஒரு பையன் தன் தாத்தாவின் பக்கத்தைத் தேடி எடுத்து, வைடு எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தான்.

படி 8: அன்றைய காலை

ஏழு மணிக்குப் போய்விடுங்கள். பனியில் புல் நனைந்திருக்கும், பந்து ஊறிப்போகும், கால் வழுக்கும். எட்டரைக்கு முன் தொடங்காதீர்கள். டென்னிஸ் பந்தில் ஒரு ஓவருக்கு நாலரை நிமிடம் வைத்தால் 15 ஓவர் ஒரு மணி பத்து நிமிடம். பதினொன்றேகாலுக்குள் பெரியவர்கள் ஆட்டம் முடிந்துவிடும். பிறகு பொடியன்களுக்கு ஆறு ஓவர். அவர்களுக்குக் கணக்கில் சேராத ட்ரையல் பால் உண்டு, பாதியிலேயே முடித்துக்கொள்ளும் பேபி ஓவரும் உண்டு.

படி 9: ஒரே பந்தி

சாப்பாட்டைக் கடைசியில் யோசிக்கும் விஷயமாக வைக்காதீர்கள். எங்கள் போட்டி திரும்ப உயிர் பெற்றது மைதானத்தில் நடந்ததால் இல்லை, பந்தியில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்ததால்தான் என்று நான் நம்புகிறேன். வீட்டுக்கு வீடு கட்டுச்சோறு கொண்டுவந்தால் மறுபடியும் தனித்தனி வட்டமாகிவிடும். அதனால் அரிசி, பருப்பு, காய் எல்லா வீட்டிலும் வாங்கி ஒரே அடுப்பில் கூட்டாஞ்சோறு. ஐம்பது பேருக்கு ஏழு கிலோ அரிசி, குடிக்க இருபது லிட்டர் கேன் எட்டு. சமைப்பவர்கள் எல்லாப் பக்கத்திலிருந்தும் இருக்கட்டும். பரிமாறுவது தோற்ற அணியா, ஜெயித்த அணியா என்று கேட்பார்கள். ஜெயித்த அணிதான். நீள வரிசையாக ஒரே பாய், உத்தி பிரித்த ஜோடிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவது எங்கள் வழக்கம். கொத்தமல்லிக்குப் பக்கத்தில் கறிவேப்பிலை.

படி 10: கிளம்பும் முன்

நோட்டின் கடைசிப் பக்கத்தில் அடுத்த வருடத் தேதியையும், பொறுப்பாளர் இருவரின் பெயரையும் எழுதுங்கள். இருவரும் ஒரே தெருவாக இருக்க வேண்டாம். செலவுக் கணக்கையும் அங்கேயே எழுதி வாசியுங்கள். இலைகளைப் பொறுக்கி, துணிக் கொடிகளை அவிழ்த்து, ஸ்டம்பு பிடுங்கிய ஆறு குழிகளிலும் மண் போட்டு மிதித்துவிடுங்கள். பள்ளி திறந்ததும் பிள்ளைகள் முதலில் ஓடி வருவது அங்கேதான்.