ஐசியூ படுக்கையருகே மூளை அல்ட்ராசவுண்ட்: முதலில் வண்ணத்துப்பூச்சியைத் தேடுங்கள்

இதய எக்கோ எடுக்கிற 2 மெகாஹெர்ட்ஸ் ப்ரோபே (தோலில் வைக்கும் ஒலிக்கருவி) இதற்கும் போதும். சிடி ஸ்கேனுக்கு இது மாற்று அல்ல. இரண்டு சிடிக்கு நடுவே நிலைமை எந்தப் பக்கம் போகிறதென்று பார்க்க உதவும்.

1. டிரான்ஸ்கிரேனியல் ப்ரீசெட் (மண்டையோடு வழியே பார்ப்பதற்கான இயந்திர அமைப்பு), ஆழம் 15 செ.மீ. கார்டியாக் ப்ரீசெட்தான் இருக்கிறதென்றால் திரையில் இடவலம் மாறித் தெரியும், திசைக்குறியான மார்க்கரைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

2. கன்ன எலும்புக்கு மேலே, காதுக்குச் சற்று முன்னால், ஜெல்லைத் தாராளமாகப் பூசி ப்ரோபை வையுங்கள். மார்க்கர் கண் பக்கம் இருக்கட்டும். எதிர்ப்பக்க மண்டையோடு வளைந்த வெள்ளைக் கோடாகத் தெரிந்தால்தான் ஒலி உள்ளே போகிறதென்று பொருள். சிலருக்கு, குறிப்பாக வயதான பெண்களுக்கு, எலும்பு தடித்து ஒன்றுமே தெரியாது. அழுத்திப் பயனில்லை, மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்துங்கள், பிறகு மறுபக்கம் பாருங்கள்.

3. படத்தின் நடுவில், வெள்ளை விளிம்போடு கறுப்பாக, வண்ணத்துப்பூச்சிபோலச் சிறகு விரித்திருப்பது நடுமூளை. இது கிடைக்காமல் கலர் டாப்ளருக்கு (ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டுவது) போனால் எந்தத் தமனியைப் பார்க்கிறோம் என்றே தெரியாது.

4. ப்ரோபின் முனையைச் சுமார் 10 டிகிரி மேல்நோக்கிச் சாய்த்தால் மூன்றாவது வென்ட்ரிக்கிள் (மூளையின் நடுவே திரவம் நிறைந்த அறை) இரட்டைக் கோடாக வரும். ப்ரோபிலிருந்து அதன் நடுவரை இரண்டு பக்கமும் அளந்து, வித்தியாசத்தைப் பாதியாக்குங்கள். வலது 7.4, இடது 6.6 செ.மீ. என்றால் மூளை 4 மி.மீ. இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது. ஒரு பக்கம் தோல் வீங்கியிருந்தாலும், எலும்பு எடுத்திருந்தாலும் இந்தக் கணக்கை நம்பாதீர்கள்.

5. மறுபடி நடுமூளைக்கு இறங்கி, கலர் டாப்ளரைப் போடுங்கள். 45–65 மி.மீ. ஆழத்தில் ப்ரோபை நோக்கிச் சிவப்பாக வருவது நடுப் பெருமூளைத் தமனி. அதில் பல்ஸ்டு டாப்ளர் (ஓரிடத்தின் ரத்த வேகத்தை அளப்பது) வையுங்கள். சிஸ்டாலிக் 90, டயஸ்டாலிக் 40 செ.மீ./வினாடி என்றால் சராசரி (90 + 2×40) ÷ 3, அதாவது சுமார் 57. ஒவ்வொரு துடிப்பிலும் வேகம் எவ்வளவு ஏறி இறங்குகிறதென்று காட்டும் பல்சட்டிலிட்டி இண்டெக்ஸ் (90 − 40) ÷ 57 = 0.88, இது சரியான அளவு. அதே நோயாளிக்கு 100, 20 என்று வந்தால் இண்டெக்ஸ் 1.7. மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கலாம்.

ஏறியே இருக்கிறது என்று முடிவுகட்டத்தான் கூடாது. வென்டிலேட்டர் வேகமாக ஓடி கார்பன் டை ஆக்சைடு குறைந்தாலும் மூளையின் சிறு தமனிகள் சுருங்கி இண்டெக்ஸ் இதேபோல் ஏறும். டயஸ்டாலிக் ரத்த அழுத்தம் விழுந்தாலும், அயோர்டிக் வால்வு கசிந்தாலும் அப்படித்தான். அதனால் ஒவ்வொரு அளவின் பக்கத்திலும் பிபியையும் கடைசி ஏபிஜியின் (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) கார்பன் டை ஆக்சைடு அளவையும் எழுதுங்கள். ப்ரோப் வைத்த இடத்தையும் தோலில் பேனாவால் குறித்துவிடுங்கள்; இரவு டூட்டிக்காரர் அதே இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் இரண்டு எண்களையும் ஒப்பிட முடியும்.