டிஸ்க் நிறைந்தது என்றது டிஎஃப், இல்லை என்றது டியூ

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை எடை போடும் இடத்தின் லினக்ஸ் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு காலை அங்குள்ள கிராணி (எழுத்தர்) போன் செய்தார்: "தம்பி, லாரி வரிசையா நிக்குது, எடைச் சீட்டு வரலையே."

தொலைவிலிருந்தே சர்வருக்குள் போகவிடும் எஸ்எஸ்எச் வழியாக நுழைந்தேன். 'அப்டைம்' காட்டிய லோடு சாதாரணம்தான். 'ஃப்ரீ' போட்டால் மெமரியும் தாராளம். டிஸ்க் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் 'டிஎஃப் -எச்' போட்டதும் தெரிந்தது: வார் (/var) என்ற டிஸ்க் பகுதி 100 சதவீதம். ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃபைல் சிஸ்டம் வைக்கும் பதிவு) தீர்ந்தாலும் இதே 'இடமில்லை' பிழை வரும் என்பதால் 'டிஎஃப் -ஐ'யும் பார்த்தேன், அதில் குறையில்லை. வேடிக்கை என்னவென்றால், ஃபைல்கள் பிடிக்கும் இடத்தை 'டியூ -எஸ்எச்' கூட்டிக் காட்டியது பாதிகூட இல்லை.

இப்படிக் கணக்கு இடித்தால் நான் முதலில் சந்தேகப்படுவது அழித்த ஃபைலைத்தான். அழிக்கும் கட்டளையான 'ஆர்எம்' பெயரை மட்டுமே எடுக்கும். ஏதாவது ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும்வரை இடம் திரும்பாது. டியூ பெயர் பெயராகப் போய்க் கூட்டுவதால் அதன் கண்ணில் இது படாது. டிஎஃப் ஃபைல் சிஸ்டத்தையே கேட்கிறது. 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' போட்டால் பெயரிழந்தும் திறந்து கிடப்பவை வரிசையாக வரும். எடை மென்பொருளின் லாக் (நடப்பதைக் குறித்து வைக்கும் ஃபைல்) அதில் பூதமாக நின்றது. யாரோ அழித்திருக்கிறார்கள், சர்வீஸோ எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது.

அந்த ஃபைலை விடுவிக்க, சர்வீஸை நிறுத்தித் தொடங்கும் 'சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட்' போட்டேன். இடம் திரும்பியது, சீட்டும் வந்தது. சர்வீஸை நிறுத்தவே முடியாத இடமென்றால் ப்ராக் (/proc) டைரக்டரியில் அந்த ப்ராசஸ் திறந்து வைத்த ஃபைலின் எஃப்டி எண்ணைப் பிடித்து, ஃபைலைக் காலி செய்யலாம்.

அப்புறம், லாக் பெருக்காமல் பார்த்துக்கொள்ளும் லாக்ரொட்டேட்டில் 'காப்பிட்ரங்கேட்' சேர்த்தேன்; அது லாக்கை அழிக்காமல், காப்பி எடுத்துவிட்டு அதே ஃபைலைக் காலி செய்யும். காப்பி எடுக்கும் நொடியில் சில வரிகள் தவறலாம். எடைக்கணக்கு டேட்டாபேஸில் இருப்பதால் பரவாயில்லை.