பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: வேகத்தைக் கெடுக்கும் தவறுகள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத லேப்டாப்பைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு இன்னும் சில வருடம் நன்றாகவே ஓட்டலாம். ஆனால் போட்டுப் பார்த்துவிட்டு, "இதுவும் மெதுவாத்தான் இருக்கு" என்று திரும்பிவிடுகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் கோளாறு லினக்ஸில் இல்லை, எந்த லினக்ஸைப் போட்டோம் என்பதில்தான்.

லினக்ஸில் பல வகை உண்டு. அதில் ஒன்றான உபுண்டு என்று கேள்விப்பட்டவுடன் அதன் வழக்கமான பதிப்பை இறக்கிவிடுகிறோம். அது க்னோம் என்ற டெஸ்க்டாப்போடு, அதாவது திரையில் நாம் பார்த்துப் பயன்படுத்தும் முகப்போடு, வரும். 4 ஜிபி ரேமில் மூச்சு வாங்கும். அதே உபுண்டுவை எல்எக்ஸ்கியூடி டெஸ்க்டாப்போடு லுபுண்டு என்றும், எக்ஸ்எஃப்சிஇ-யோடு சுபுண்டு என்றும் தருகிறார்கள். அடியில் ஓடுவது ஒரே அமைப்புதான், மேலே இருக்கும் டெஸ்க்டாப்தான் வேறு. லினக்ஸ் மின்ட்டிலும் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு உண்டு. பழைய கணினிக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். மாணவர்கள் ஆசைப்பட்டுப் போடும் 'காலி' (Kali) லினக்ஸ் பாதுகாப்புச் சோதனைக்கானது; அன்றாட வேலைக்கு வேண்டாம்.

லினக்ஸை நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து வேகத்தை முடிவு செய்யாதீர்கள். அங்கே தடை பென்டிரைவ்தான். வைஃபை, ஒலி, டச்பேட் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் அந்தச் சோதனை.

அப்புறம், ரேம் காலியாக இல்லையே என்ற பதற்றம். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் சாளரத்தில் ஃப்ரீ (free) கட்டளையைக் கொடுத்தால் 'ஃப்ரீ' என்ற பத்தியில் சில நூறு எம்பிதான் காட்டும். சும்மா கிடக்கும் ரேமில் லினக்ஸ் கோப்புகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்கிறது. செயலி கேட்டதும் விட்டுக்கொடுத்துவிடும். பார்க்க வேண்டியது 'அவெய்லபிள்' பத்தி. இது தெரியாமல் ரேமைக் காலி செய்யும் கட்டளைகளை அடிக்கடி ஓட்டினால், வட்டிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி படிக்க நேர்ந்து வேகம் குறையத்தான் செய்யும்.

சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால், அதை எடுத்துவிட்டுச் சுழலும் பாகமில்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டி-யைப் போடுங்கள். அது தரும் வேகத்தை வேறு எந்த மாற்றமும் தராது.

விண்டோஸையும் கூடவே வைத்துக்கொள்கிறீர்களா? சரி, முதலில் உங்கள் கோப்புகளுக்கு வெளியே ஒரு பிரதி எடுங்கள். பிறகு விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற விரைவுத் தொடக்க வசதியை அணையுங்கள். அது இயங்கினால் விண்டோஸ் முழுதாக மூடாது. அதனால் விண்டோஸின் டி டிரைவைத் திறந்தாலும் லினக்ஸில் படிக்க மட்டுமே முடியும், எழுத விடாது.