லாஸ் வேகஸில் காலி நிலம் வாங்குகிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

லாஸ் வேகஸ் பள்ளத்தாக்கில் எங்கே நின்று பார்த்தாலும் நிலம் ஒரே மாதிரிதான் தெரியும்: சரளை, கிரியோசோட் புதர், தூரத்தில் மொட்டை மலை. அடுத்தடுத்துக் கிடக்கும் இரண்டு மனைகளில் ஒன்றில் அடுத்த வருடமே வீடு கட்டலாம். மற்றதில் பத்து வருடமானாலும் கட்ட முடியாமல் போகலாம். அந்த வித்தியாசம் மூலப்பத்திரத்திலும் சாலைக்கடியில் ஓடும் குழாயிலும் இருக்கிறது. நேரில் போய்ப் பார்த்து, வெளிச்சமும் மலைக்காட்சியும் பிடித்துப்போய் முன்பணம் கொடுப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

எந்த ஊர் என்று தெரியாமல் வாங்குவது

தபால் முகவரியில் லாஸ் வேகஸ் என்று இருந்தால் நிலம் லாஸ் வேகஸ் நகராட்சிக்குள் இருக்கிறது என்று பொருளல்ல. உலகமே லாஸ் வேகஸ் என்று நினைக்கும் ஸ்ட்ரிப் என்ற காசினோ ஓட்டல் சாலையின் பெரும்பகுதி நகர எல்லைக்கு வெளியே, கிளார்க் கவுன்டியின் (நம் மாவட்டம் போன்றது) நேரடி நிர்வாகத்தில் உள்ள பாரடைஸ் என்ற பகுதியில் இருக்கிறது. நகரம் தன்னோடு சேர்த்துக்கொண்டு வரி போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே 1950இல் அது தனியாக உருவாக்கப்பட்டது. சஹாரா அவென்யூவைத் தாண்டினால்தான் நகராட்சி. இவை போக ஹெண்டர்சன், நார்த் லாஸ் வேகஸ், போல்டர் சிட்டி என்று தனித்தனி நகராட்சிகள். ஒவ்வொன்றுக்கும் மண்டல விதி (எங்கே என்ன கட்டலாம் என்பது) வேறு, கட்டணம் வேறு, அனுமதி தரும் மேசையும் வேறு.

எவ்வளவு வேறு என்பதற்குப் போல்டர் சிட்டி ஒன்றே போதும். அங்கே சூதாட்டத்துக்குத் தடை. வருடத்துக்கு 120 புதிய வீடுகளுக்கு மேல் அனுமதி கிடையாது. ஒரு ஏக்கருக்கு மேற்பட்ட நகராட்சி நிலத்தை விற்கவேண்டும் என்றால் ஊர் மக்கள் வாக்களிக்க வேண்டும். ஸ்ட்ரிப்பிலிருந்து அரை மணி நேர ஓட்டம்தான்.

ஆகவே முதலில் கேட்கவேண்டியது விலையை அல்ல, பார்சல் எண்ணை, அதாவது மனைக்கான அடையாள எண்ணை. அதைக் கவுன்டியின் சொத்து மதிப்பீட்டு அலுவலரான அசெஸ்ஸரின் இணையதளத்தில் போட்டால் எந்த நிர்வாகம், என்ன பரப்பு, யார் பெயரில் என்பதெல்லாம் இலவசமாகவே தெரிந்துவிடும். மண்டலக் குறியீட்டில் இன்னொரு கண்ணி இருக்கிறது. கவுன்டி தன் வளர்ச்சி விதித்தொகுப்பான தலைப்பு 30ஐ முழுவதும் திருத்தி எழுதி 2024 தொடக்கத்திலிருந்து நடைமுறைப்படுத்தியது; பழைய ஆர்-ஈ (வீட்டு மனை மண்டலம்) இப்போது ஆர்எஸ்20, பழைய ஹெச்-1 (ரிசார்ட் மண்டலம்) இப்போது சிஆர். விளம்பரங்களில் இன்னும் பழைய பெயரே ஓடுகிறது. பழைய பெயருக்கு என்னென்ன கட்டலாம் என்று படித்துவிட்டுப் புதிய விதியில் அகப்பட்டுக்கொள்ள வேண்டாம்.

2.5 ஏக்கரில் 90 சென்ட் எங்கே போகிறது

இந்தப் பள்ளத்தாக்கின் ஓரப் பகுதிகளில் விற்பனைக்கு வரும் 1.25, 2.5, 5 ஏக்கர் துண்டுகள் பல, 1938ஆம் ஆண்டின் சிறு நிலத்துண்டுச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு தனியாருக்குக் கொடுத்தவை. அப்போது அரசு எழுதிக்கொடுத்த மூலப்பத்திரத்துக்கு இங்கே பேட்டன்ட் என்று பெயர். அதில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: எல்லையோரமாக 33 அடி அகலம் வரை சாலைக்கும் பொதுச் சேவைகளுக்கும் ஒதுக்கப்பட்டது என்று.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 330 அடிக்கு 330 அடி சதுரம் என்றால் 1,08,900 சதுர அடி, சரியாக 2.5 ஏக்கர். நான்கு பக்கமும் 33 அடி போனால் மிஞ்சுவது 264க்கு 264, அதாவது 69,696 சதுர அடி. நம் கணக்கில் 250 சென்ட்டில் 160 சென்ட். 165க்கு 330 அடியுள்ள 1.25 ஏக்கர் துண்டில் நிலைமை இன்னும் மோசம்: 99க்கு 264 அடி, 60 சென்ட், பாதிகூட இல்லை. நிலம் உங்கள் பெயரில்தான் இருக்கும், வரியும் நீங்கள்தான் கட்டுவீர்கள், சுவர் மட்டும் எழுப்ப முடியாது.

தேவையில்லாத ஒதுக்கீட்டை நீக்கித்தரும்படி கவுன்டியிடம் விண்ணப்பிக்கலாம், வழக்கமாக நடப்பதுதான். ஆனால் மாதங்கள் ஆகும். பதிலுக்கு உண்மையான சாலைக்கென்று ஒரு பட்டையைக் கவுன்டி கேட்டு வாங்கிக்கொள்ளும். விலையை மொத்த ஏக்கருக்குப் பேசாமல், கட்டக்கூடிய பரப்புக்குப் பேசவேண்டும்.

அதே பேட்டன்டில் கனிமங்களை அரசு தனக்கே வைத்துக்கொள்ளும் வரி ஒன்றும் இருக்கும். மணலும் சரளையும் அதில் அடங்குமா என்ற சண்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2004இல் பெட்ராக் வழக்கில் நில உரிமையாளர் பக்கம் தீர்ப்பு வந்தது. ஆனால் அது 1919ஆம் ஆண்டின் பிட்மன் சட்டப் பத்திரம் பற்றிய தீர்ப்பு. சிறு நிலத்துண்டுச் சட்டத்தின் வாசகம் வேறு. மனையைச் சமப்படுத்தும்போது தோண்டிய சரளையை வெளியே விற்கும் எண்ணம் இருந்தால், வழக்கறிஞரிடம் பத்திரத்தைக் காட்டாமல் லாரியை உள்ளே விடாதீர்கள்.

தண்ணீர்

லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலத்துக்குக் கொலராடோ ஆற்றில் உள்ள பங்கு வருடத்துக்கு 3,00,000 ஏக்கர்-அடி (ஒரு ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீர்தான் ஒரு ஏக்கர்-அடி). கலிபோர்னியாவின் பங்கு 44 லட்சம். 1920களில், இங்கே ஒரு சின்ன ரயில் ஊர் மட்டுமே இருந்த காலத்தில் எழுதிய கணக்கு அது. தெற்கு நெவாடாவின் தண்ணீரில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு இன்றும் லேக் மீட் நீர்த்தேக்கம் வழியாக இந்த ஆற்றிலிருந்துதான் வருகிறது. வருடத்துக்கு நாலு அங்குலம் மழை பெய்யும் ஊர்.

சாலையில் குழாய் ஓடுகிறது என்பதாலேயே உங்கள் மனைக்குத் தண்ணீர் உண்டு என்று ஆகாது. குழாயின் விட்டம் என்ன, மனை எந்த அழுத்த மண்டலத்தில் இருக்கிறது, தீயணைப்புக்குத் தேவையான நீரோட்டம் கிடைக்குமா, மீட்டர் அளவுக்கு ஏற்ற இணைப்புக் கட்டணம் எவ்வளவு என்ற நான்கையும் தண்ணீர் வழங்கும் அமைப்பிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குழாய் அரை மைல் தள்ளி இருந்தால் அதை நீட்டும் செலவு உங்களுடையது; சில மனைகளுக்கு அது நிலத்தின் விலையையே தொட்டுவிடும்.

‘கிணறு தோண்டிக்கொள்ளலாம்’ என்று விற்பவர் சொன்னால் உஷாராக வேண்டும். ஒரு வீட்டுக்கான கிணற்றுக்குத் தனி நீருரிமை தேவையில்லை, வருடத்துக்கு 2 ஏக்கர்-அடி எடுக்கலாம் என்று மாநிலச் சட்டம் சொல்வது உண்மை. விதிவிலக்குகளில்தான் ஆள் மாட்டுவது. லாஸ் வேகஸ் பள்ளத்தாக்கின் நிலத்தடி நீர், இருப்பதைவிட அதிகமாக ஏற்கெனவே பங்கிட்டுக் கொடுக்கப்பட்டுவிட்டது. பழைய கிணறு பழுதானால், பொதுக்குழாய் அருகில் இருக்கும்பட்சத்தில் மறுபடி தோண்ட விடாமல் இணைப்பு எடுக்கச் சொல்லவும் சட்டத்தில் இடமுண்டு. மேற்கே சுமார் 60 மைலில் இருக்கும் பஹ்ரம்பில் மலிவு மனைகள் நிறைய. அங்கே 2017இல் நீருரிமைகளைக் கவனிக்கும் மாநிலப் பொறியாளர் போட்ட ஆணைப்படி புதிய வீட்டுக் கிணறு வேண்டும் என்றால் முதலில் 2 ஏக்கர்-அடி நீருரிமையை வாங்கி ஒப்படைக்க வேண்டும். மாநில உச்ச நீதிமன்றமும் 2021இல் அதை ஏற்றுக்கொண்டது. மனை மலிவாகக் கிடைப்பதற்கான காரணத்தைப் பெரும்பாலும் விளம்பரத்தில் எழுதமாட்டார்கள்.

கழிவுநீர்த் தொட்டி விஷயமும் தண்ணீர்க் கணக்கோடு ஒட்டியதுதான். வீட்டுக்குள் பயன்படுத்திய நீர் சாக்கடை வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், லாஸ் வேகஸ் வாஷ் ஓடை வழியே லேக் மீடுக்குத் திரும்புகிறது. திரும்பிய அளவுக்கு மீண்டும் எடுத்துக்கொள்ள மாநிலத்துக்கு வரவு கிடைக்கிறது. செப்டிக் தொட்டியில் போவது திரும்புவதில்லை. அதனால்தான் குழாய்த் தண்ணீர் வாங்கும் மனைகளில் புதிய செப்டிக் தொட்டிகளுக்கு நெருக்கடி கூடிக்கொண்டே போகிறது. 2023இல் நிறைவேறிய மாநிலச் சட்டமும் அந்தத் திசையில்தான். குழாய் எங்கே என்று கேட்கிறவர்களில் பாதிப்பேர் சாக்கடை எங்கே என்று கேட்பதில்லை. வீட்டு நீச்சல் குளம் 600 சதுர அடிக்கு மேல் கூடாது என்பது 2022லிருந்து கவுன்டியில் விதி. பங்களாக் கனவோடு வாங்குபவர்கள் வரைபடம் போடும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

‘பக்கத்தில் அரசு நிலம்’ என்ற ஆறுதல்

நெவாடாவில் பெரும்பாலான நிலம் மத்திய அரசுடையது. அதில் பெரும்பகுதியை நில மேலாண்மை அமைப்பான பி.எல்.எம். பார்த்துக்கொள்கிறது. இதை நம்மூர்ப் புறம்போக்குப்போல நினைத்து இரண்டு விதமாகத் தவறு செய்கிறார்கள்.

ஒன்று, பக்கத்தில் யாரும் கட்டமாட்டார்கள், மலைக்காட்சி நிரந்தரம் என்று நம்புவது. 1998இல் வந்த தெற்கு நெவாடா பொது நில மேலாண்மைச் சட்டம், பள்ளத்தாக்கைச் சுற்றி ஒரு கோடு போட்டு, அதற்குள் இருக்கும் மத்திய அரசு நிலத்தை ஏலம்விட வழிசெய்தது. கோட்டுக்குள் இருக்கும் இன்றைய வெட்டவெளி நாளை முந்நூறு வீட்டுக் குடியிருப்பு ஆகலாம். பக்கத்து நிலம் கோட்டுக்குள்ளா வெளியேயா என்பதை பி.எல்.எம். வரைபடத்தில் பார்த்துவிடலாம்.

இரண்டாவது, அரசு நிலத்தின் வழியே போகும் மண்பாதையைச் சாலை என்று எண்ணுவது. வண்டி போகிறது என்பது வழியுரிமை ஆகாது. சட்டப்படியான வழி இல்லாத மனைக்குக் கட்டட அனுமதி கிடைக்காது, வங்கி கடன் தராது. பி.எல்.எம்.மிடம் வழியுரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம். சுற்றுச்சூழல் ஆய்வு, கட்டணம், காத்திருப்பு எல்லாம் சேர்த்து அது ஒரு தனி வேலை.

முறையான சாலை இருந்தாலும், கட்டும்போது உங்கள் பக்கத்துப் பாதிச் சாலையைத் தார், நடைபாதை, விளிம்புக்கல், தெருவிளக்கு உட்பட நீங்களே போட்டுக்கொடுக்கச் சொல்லலாம். மூலை மனைக்கு இரண்டு பக்கமும். நம்மவர்கள் மூலை மனையைத் தேடித்தேடி வாங்குவதால் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

மண்ணும் வெள்ளமும்

மேலே சரளை, கொஞ்சம் கீழே கலீச்சி. சுண்ணாம்பு இறுகிக் கான்கிரீட் போல ஆன படிவம் இது. சாதாரண மண்வெட்டி இயந்திரம் திணறும், பாறை உடைக்கும் சுத்தியலைக் கொண்டுவர வேண்டும், குழாய்ப் பள்ளம் தோண்டும் செலவு எகிறும். சில இடங்களில் வீங்கும் களிமண். சில இடங்களில் சல்பேட் நிறைந்த மண், சாதாரண சிமென்டை அரித்துவிடும். நிலத்தடி நீரை உறிஞ்சியதால் தரை இறங்கி வெடித்த பகுதிகளும் உண்டு. நார்த் லாஸ் வேகஸின் வின்ட்சர் பார்க்கில் 1960களில் கட்டிய வீடுகள் அப்படித்தான் விரிசல் விட்டுக் கைவிடப்பட்டன; மிஞ்சிய குடும்பங்களை வேறிடத்தில் குடியமர்த்த 2023இல் தனிச் சட்டமே போடவேண்டி வந்தது. விலை முடிவாகும் முன் துளையிட்டு எடுத்த மண் பரிசோதனை அறிக்கை கையில் இருக்கட்டும். பக்கத்து மனையின் அறிக்கை உதவாது, ஐம்பது அடிக்குள் மண் மாறும்.

பாலைவனத்தில் வெள்ளமா என்று சிரிப்பவர்கள் 1999 ஜூலை 8ஐ ஊர்க்காரர்களிடம் கேட்கலாம். ஃபிளமிங்கோ வாஷ் ஓடைக் கரையில் வீடுகள் அடித்துச் செல்லப்பட்ட நாள் அது. மலையடிவாரத்து விசிறிப் படிவுகளில் நீர் ஓடை போட்டு ஓடாது, விரிப்புப்போலப் பரவி வரும். மத்திய அரசின் பேரிடர் அமைப்பான ஃபீமாவின் வெள்ள வரைபடத்தில் ஏஓ என்று குறித்திருந்தால் இதுதான் பொருள்: தரைமட்டத்தை உயர்த்திக் கட்டவேண்டும், காப்பீடும் சேரும்.

சுற்றுலா ஊர் என்பதால் வரும் மயக்கம்

ஸ்ட்ரிப்புக்குப் பக்கம் என்பதால் காசினோ கட்டலாம், ஓட்டல்காரன் வாங்குவான் என்று ஊகித்து விலை கொடுக்கக்கூடாது. 1997லிருந்து புதிய காசினோ, அதற்கென்று குறிக்கப்பட்ட மாவட்டங்களுக்குள்தான் வரமுடியும். இங்கே முழு அளவுச் சூதாட்ட உரிமத்துக்கு 200க்கும் மேற்பட்ட அறைகள் உள்ள ஓட்டல் வேண்டும்.

வீடு கட்டிப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் திட்டமும் அப்படியே. 2021ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் ரிசார்ட் ஓட்டலிலிருந்து 2,500 அடி தள்ளியிருக்கச் சொல்கிறது. ஒரு வாடகை வீட்டுக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 660 அடி இடைவெளி, கவுன்டியில் 1,000 அடி. எந்த இடம் லாபம் என்று தோன்றுகிறதோ அங்கேதான் தடை. இந்த விதிகள் வழக்குகளிலும் அடிபடுவதால், வாங்கும் வாரத்தில் நடப்பு நிலையை நிர்வாகத்திடமே கேளுங்கள்.

ஜீன், பிரிம் என்ற ஊர்களுக்கு நடுவே ஐவன்பா பள்ளத்தாக்கில் இரண்டாவது விமான நிலையம் வரப்போகிறது என்று சொல்லி விற்பது பழைய வியாபாரம். அதற்கான நில மாற்றச் சட்டம் வந்தது 2000இல்; நிலையம் இன்னும் வரவில்லை.

பத்திரமும் பணமும்

இங்கே வழக்கமான கிரயப் பத்திரத்துக்கு கிராண்ட், பார்கெய்ன் அண்ட் சேல் டீட் என்று பெயர். இணையத்தில் மலிவாக வரும் பாலைவன மனைகளைப் பெரும்பாலும் குவிட்கிளைம் டீடில் கொடுப்பார்கள். ‘எனக்கு ஏதாவது உரிமை இருந்தால் விட்டுக்கொடுக்கிறேன்’ என்பதுதான் அதன் சாரம். உரிமையே இல்லாதவரும் கையெழுத்துப் போடலாம். எஸ்க்ரோவும் (கிரயம் முடியும்வரை பணத்தை மூன்றாம் தரப்பு வைத்திருப்பது) டைட்டில் காப்பீடும் (உரிமையில் குறை தெரியவந்தால் ஈடு தருவது) இல்லாமல் வாங்க வேண்டாம். டைட்டில் நிறுவனம் தரும் முதற்கட்ட அறிக்கையில் அட்டவணை பி என்ற பகுதியில்தான் வில்லங்கங்கள் எல்லாம் இருக்கும். அதில் எண் போட்டுக் குறித்த ஒவ்வொரு ஆவணத்தின் நகலையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். சரிபார்ப்புக் காலம் 30 நாள் போதாது. மண் பரிசோதனை, தண்ணீர்க் கடிதம், அளவை மூன்றும் முடிய 60 முதல் 90 நாள் கேளுங்கள்.

சொத்துவரியில் நிலத்தின் மதிப்பில் 35 சதவீதத்தின் மேல்தான் விகிதம் போடுவார்கள். 3,00,000 டாலர் நிலம் என்றால் 1,05,000. நூறுக்கு 3 டாலர் என்று வைத்தால் வருடம் 3,150 டாலர். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு வரியின் வருடாந்தர உயர்வு 3 சதவீதத்தைத் தாண்டாது. காலி நிலத்துக்கு 8 சதவீதம் வரை போகலாம். சாலை, விளக்குக்காகப் போட்ட சிறப்பு மேம்பாட்டு மாவட்டக் கடன் பாக்கி இருந்தால் அது நிலத்தோடு ஒட்டிக்கொண்டு உங்களிடம் வரும். பதிவின்போது கிளார்க் கவுன்டியில் 500 டாலருக்கு 2.55 டாலர் உரிமை மாற்ற வரி. 3,00,000க்கு 1,530 டாலர்.

விற்பவர் அமெரிக்க வரிச் சட்டப்படி வெளிநாட்டவராக இருந்தால் விலையில் 15 சதவீதத்தைப் பிடித்து வரித்துறைக்குக் கட்டும் பொறுப்பு வாங்குபவருடையது. பிடிக்காமல் விட்டால் உங்களிடமே வசூலிப்பார்கள். இந்தியாவில் இருந்துகொண்டு வாங்குகிறவர்கள், பின்னால் விற்கும்போது தங்கள் பணத்திலும் இதே பிடித்தம் உண்டு என்பதைக் கணக்கில் வைக்கவேண்டும்.

கிரயம் முடிந்தவுடன் புதரை வெட்டிச் சுத்தப்படுத்த ஆள் அனுப்புவது இன்னொரு செலவான அவசரம். கால் ஏக்கரும் அதற்கு மேலும் மண்ணைக் கிளற, தூசிக் கட்டுப்பாட்டு அனுமதி தேவை. பாலைவன ஆமையின் வாழிடத்துக்கான கட்டணமும் உண்டு, நெடுநாளாக அது ஏக்கருக்கு 550 டாலர்.

காலி நிலத்தின் உரிமையாளர்போல் நடித்து விற்றுவிடும் மோசடிக்கு, கடன் இல்லாமல் தூரத்தில் கிடக்கும் மனைகள்தான் இலக்கு. சந்தை விலைக்குக் குறைவாக, நேரில் வராமல், தானே கொண்டுவரும் நோட்டரியோடு அவசரப்படுத்துகிறவரிடம் வாங்காதீர்கள். வரிச்சீட்டு போகும் முகவரிக்கு டைட்டில் நிறுவனத்தை ஒரு கடிதம் அனுப்பச் சொன்னால் உண்மையான உரிமையாளர் யார் என்று தெரிந்துவிடும். வாங்கிய பிறகு உங்கள் மனையும் அதே இலக்குதான். பத்திரங்களைப் பதியும் கவுன்டி ரெக்கார்டர் அலுவலகத்தின் இலவச அறிவிப்புச் சேவையில் பெயரைப் பதிந்து வைத்தால், உங்கள் பெயரில் எந்தப் பத்திரம் பதிவானாலும் தகவல் வரும்.