ஆஃபரைப் பார்த்ததும் வாங்கிவிடுகிறீர்களா? போனிலேயே ஒரு கடிவாளம் போடுங்கள்

ராத்திரி படுத்துக்கொண்டே போன் திரையைத் தள்ளிக்கொண்டிருக்கும் நேரத்தில் "மனசைக் கட்டுப்படுத்து" என்று சொல்லிப் பயனில்லை. பொருளைப் பார்ப்பதற்கும் பணம் போவதற்கும் நடுவில் கொஞ்சம் வேலை வையுங்கள். பல ஆசைகள் அங்கேயே ஆறிவிடும்.

படி 1: ஆண்ட்ராய்டு போனில் ஷாப்பிங் ஆப்பிலிருந்து நோட்டிஃபிகேஷன் வந்தால் அதை அழுத்திப் பிடித்து செட்டிங்ஸுக்குள் போங்கள். ஆஃபர், பரிந்துரை வகைகளை மட்டும் அணையுங்கள். ஆர்டர், டெலிவரி தகவல்கள் இருக்கட்டும்.

படி 2: ஆண்ட்ராய்டில் 'டிஜிட்டல் வெல்பீயிங்', ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்' பகுதியைத் திறங்கள். ஷாப்பிங் ஆப்புக்கு நாளுக்கு 15 நிமிடம் என்று வரம்பு வையுங்கள், அது போதும்.

படி 3: எல்லாவற்றிலும் அதிகம் பலன் தருவது இதுதான், பலருக்கும் இது தெரிவதில்லை என்பதுதான் வருத்தம். கார்டின் ஆன்லைன் பயன்பாட்டை நாமே அணைக்கவும், வரம்பு வைக்கவும் வங்கிகள் வசதி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் உத்தரவிட்டது. உங்கள் வங்கி ஆப்பில் கார்டு பகுதிக்குப் போய் 'ஆன்லைன்' அல்லது 'இ-காமர்ஸ்' பட்டனை அணையுங்கள். கிரெடிட் கார்டுக்கும் மறக்காமல் செய்யுங்கள். தேவைப்படும்போது திறந்து, வாங்கியதும் மூடிவிடலாம். மாதாமாதம் தானாகப் போகும் சந்தாக்கள் அந்தக் கார்டில் இருந்தால் தடைபடலாம். முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஷாப்பிங் ஆப்பில் சேமித்த கார்டுகளையும் நீக்குங்கள். 'பே லேட்டர்' (இப்போது வாங்கிவிட்டு, பிறகு பணம் கட்டும் வசதி) இருந்தால் அதையும் மூடுங்கள்.

படி 4: யுபிஐ ஆப்பில் சம்பளக் கணக்கை எடுத்துவிட்டு, வேறொரு சிறு கணக்கை இணையுங்கள். மாதச் செலவுக்கான தொகையை மட்டும் அதில் போட்டு வையுங்கள். தீர்ந்தால் அடுத்த மாதம்தான்.

படி 5: பிடித்த பொருளை கார்ட்டில் போடாமல் விஷ்லிஸ்ட்டில் போடுங்கள். 2 நாள் கழித்துப் பார்க்கச் சொல்லி காலண்டரில் ரிமைண்டர் வையுங்கள். கேஷ் ஆன் டெலிவரியை மேலே சொன்ன எந்தப் பூட்டும் தடுக்காது என்பதால், அந்தப் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தப் படி கட்டாயம்.

"ஒன்றே ஒன்றுதான் மிச்சம்" என்று பொய்யாக அவசரப்படுத்துவதும், கேட்காமலே கார்ட்டில் எதையாவது சேர்ப்பதும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடைசெய்த 13 ஏமாற்று உத்திகளில் அடங்கும். அப்படிக் கண்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் செய்யுங்கள்.