குமிழி விழுந்த கண்ணாடியிலும் தொலைநோக்கி ஆடி தேய்க்கலாம்

கையில் இருக்கும் கண்ணாடித் தட்டுக்குள் நாலைந்து குமிழிகள் தெரிகிறதா? தூக்கிப் போட வேண்டாம். லென்ஸ் என்றால் ஒளி உள்ளே புகுந்து போக வேண்டும். ஆடியில் அது மேற்பரப்பில் பட்டு அப்படியே திரும்பிவிடும். உள்ளே என்ன இருந்தால் என்ன?

பயப்பட வேண்டியது உள்ளிறுக்கத்துக்குத்தான், அதாவது கண்ணாடிக்குள் சிக்கிக் கிடக்கும் இழுவிசைக்கு. டெம்பர் செய்த (சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கிய) கண்ணாடி வேண்டவே வேண்டாம், தேய்க்கத் தேய்க்க வளையும். கணினித் திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, போலராய்டு குளிர்கண்ணாடியைத் திரை கறுக்கும்வரை திருப்பிப் பிடியுங்கள். இரண்டுக்கும் நடுவே தட்டைக் காட்டும்போது பளிச்சென்று திட்டுகள் தெரிந்தால் அது ஆகாது.

முதல் ஆடிக்கு 150 மி.மீ. விட்டம், 1200 மி.மீ. குவியத் தூரம் வசதி. கோள வடிவமே ஏறக்குறைய போதும், பரவளையமாக்கும் தலைவலி இல்லை. தோண்ட வேண்டிய குழியும் நடுவில் 1.2 மி.மீ. ஆழம்தான்.

விளிம்பை ஈரச் சாணைக்கல்லால் மழுக்கிவிட்டு ஆரம்பியுங்கள். அதே அளவுத் தட்டு ஒன்றைக் கீழே அசையாமல் பொருத்தி, 80 எண் சிலிக்கான் கார்பைடு தூளும் தண்ணீரும் இட்டு, ஆடியை மேலே வைத்து முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். நகர்த்தும் தூரம் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆடி வெளியே நீளும்போது அழுத்தம் அதன் நடுவிலும் கீழ்த்தட்டின் விளிம்பிலும் விழுவதால் மேலே உள்ளது குழியும், கீழே உள்ளது குவியும். அவ்வப்போது ஆடியைச் சற்றுத் திருப்பி, நீங்களும் மேசையைச் சுற்றி ஓரடி நகருங்கள். கரகர சத்தம் அடங்கினால் புதுத் தூள். ஆடியின் குறுக்கே அளவுகோலை வைத்து, நடுவில் 1.2 மி.மீ. டிரில் பிட்டின் தண்டு நுழைகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் 120, 220, 320, 500 எண் தூள்கள், எண் ஏற ஏறத் தூள் நைசாகும். ஒவ்வொரு தூளுக்கும் முன் எல்லாவற்றையும் கழுவுங்கள், உங்கள் நகக்கண் உட்பட. குமிழி விளையாடுவது இங்கேதான். தேய்மானத்தில் ஒன்று திறந்துகொண்டால் குழிக்குள் தூள் பதுங்கும். என் முதல் ஆடியில் அப்படி ஒன்றை அலட்சியமாக விட்டேன். மெருகேற்றும்போது ஒரே ஒரு துகள் வெளியே வந்து நீளக் கோடு கிழித்தது. திரும்ப 320 எண் தூளிலிருந்து. பழைய பல்துலக்கியால் குழியைத் தேய்த்துக் கழுவியிருந்தால் போதும். சுத்தமான குழி கடைசிவரை அப்படியே இருந்தாலும் படத்துக்கு ஒன்றும் ஆகாது.

மெருகேற்ற, கீழ்த்தட்டின் மேல் உருக்கிய பிட்ச் (தார் போன்ற பிசின்) ஊற்றி, சதுரம் சதுரமாகக் கோடு வெட்டுங்கள். திறந்த தீயில் உருக்காதீர்கள், பற்றிக்கொள்ளும். சதுரங்களின் நடு, தட்டின் நடுவோடு பொருந்தக் கூடாது. பொருந்தினால் ஆடியில் வளையம் விழும். பிட்ச் வெதுவெதுப்பாக இருக்கும்போதே சீரியம் ஆக்சைடு என்ற மெருகுத் தூளைத் தண்ணீரில் கலந்து பூசிய ஆடியை அழுத்தி வடிவம் பதியுங்கள். பிறகு அதே தேய்ப்பு, பல மணி நேரம்.

சரி, சோதனை. குவியத் தூரத்தின் இரு மடங்கான 2400 மி.மீ. தொலைவில் ஒளிப்புள்ளியும் பிளேடு விளிம்பும் வைத்து ஃபூக்கோ முறையில் பாருங்கள்: திரும்பி வரும் ஒளியைப் பிளேடு வெட்டும்போது ஆடியில் தெரியும் நிழல் வடிவத்தைக் காட்டிக்கொடுக்கும். கை வைத்த சூட்டிலேயே சாதாரணக் கண்ணாடி உப்பும், ஆறும்வரை காத்திருங்கள். அலுமினியப் பூச்சுக்குக் கொடுக்குமுன் ஒரு இரவு நிலாவைப் பாருங்கள்: வெறும் கண்ணாடி 4 சதவீத ஒளியைத்தான் திருப்பும், நிலாவுக்கு அது தாராளம்.